பட்டாம்பூச்சியும் உருமாற்றமும் இலக்கியத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதையோ கவிதையோ எழுதத் தொடங்கியவர்கள் பட்டாம்பூச்சியைத் தொடாமல் போவதில்லை. தொட்டபின் அவர்களுக்கு எழும் கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளும். அந்த இடங்களில் எனக்கு ஈடுபாடு அதிகம், அதுதான் காரணம்.

எத்தனையோ பூச்சிகள் இருக்க, இலக்கியம் ஏன் பட்டாம்பூச்சியையே பிடித்துக்கொண்டது?

அழகு ஒரு காரணம். ஆனால் உருமாற்றம் பட்டாம்பூச்சிக்கு மட்டும் உரியதில்லை. ஈ, வண்டு, குளவி, எறும்பு எல்லாமே முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என்ற நான்கு பருவங்களைத் தாண்டித்தான் வருகின்றன. ஈயின் மாற்றம் பட்டாம்பூச்சியின் மாற்றத்துக்கு எள்ளளவும் குறைந்ததில்லை. அது பெரும்பாலும் மண்ணுக்குள்ளும் அழுகலுக்குள்ளும் நடந்து முடிந்துவிடுவதால் நாம் பார்ப்பதில்லை. பட்டாம்பூச்சியின் புழுவோ பட்டப்பகலில், இலையின்மேல், நம் கண்ணெதிரே தின்று வளர்கிறது. பல சமயம் அதே செடியிலோ பக்கத்துச் சுவரிலோ கூட்டுப்புழுவாகத் தொங்குகிறது. ஓர் உயிர் தன் பழைய உருவைக் கைவிடுவதை ஒரு குழந்தைகூட முழுதாகப் பார்த்துவிடலாம்.

பார்த்தபின் ஒரு கேள்வி விடாமல் துரத்தும்: அந்தப் புழுவும் இந்தப் பூச்சியும் ஒன்றுதானா? பெரிய துக்கத்தைக் கடந்தவர், நெடுநாள் நோயில் கிடந்து எழுந்தவர், ஊரும் மொழியும் விட்டு வேறெங்கோ வேர்விட்டவர், எல்லோரும் தம்மைப் பற்றிக் கேட்டுக்கொள்வதும் இதைத்தான். பழைய நான் எங்கே? ஏதாவது மிச்சம் இருக்கிறதா? உருமாற்றம் பற்றிய நல்ல எழுத்தெல்லாம் இந்த மிச்சத்தைத் தேடுகிறது என்பது என் எண்ணம். கீழே வரும் பதில்கள் பலவும் இதையே சுற்றிவரும்.

கூட்டுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த உவமையைக் கையாள்வது, கடலைப் பார்க்காமல் அலையை வருணிப்பது போல.

புழு வளர வளர அதன் தோல் போதாமல் போகிறது. அதைப் பலமுறை உரித்துப் போடுகிறது. ஒவ்வொரு தோலுரிப்பையும் தூண்டுவது எக்டைசோன் என்ற ஹார்மோன். கூடவே இளமை ஹார்மோன் என்று ஒன்று உண்டு. அது உடலில் போதிய அளவு இருக்கும்வரை, தோலை உரித்தாலும் புழு மறுபடி புழுவாகவே வெளிவரும், இன்னும் பெரிய புழுவாக. இளமை ஹார்மோன் வற்றும்போதுதான் அடுத்த தோலுரிப்பில் கூட்டுப்புழு தோன்றுகிறது. எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாற்றத்துக்கான உந்துதல் ஆரம்பத்திலிருந்தே வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தியிருந்த ஒன்று விலகியதும் வேறு உரு வருகிறது. ஒரு கதாபாத்திரம் ஏன் இத்தனை வருடம் மாறவில்லை, இப்போது ஏன் மாறினாள் என்று யோசிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கூட்டுக்குள் புழுவின் தசைகளும் செரிமான உறுப்புகளும் பெருமளவு சிதைந்து, அந்தப் பொருளே புதிய உடலுக்குக் கட்டுமானமாகிறது. சிறகு, கால், கண், உணர்கொம்பு எல்லாம் சின்னஞ்சிறு செல் தட்டுகளிலிருந்து வளர்கின்றன. இந்தத் தட்டுகள் புழுவாக இருக்கும்போதே உடலுக்குள் இருப்பவை. அதாவது இலை தின்று ஊர்ந்த நாளிலேயே சிறகின் வித்து உள்ளே இருந்திருக்கிறது.

அப்படியானால் புழு முழுவதும் கரைந்து கூழாகிவிடுகிறது என்பது சரியா?

பாதி சரி. நிறையக் கரைகிறது, எல்லாம் கரைவதில்லை. மூச்சுக்குழாய் அமைப்பு இருக்கிறது. நரம்பு மண்டலம் பெரிய அளவில் மாற்றி அமைக்கப்பட்டாலும் ஒரேயடியாக அழிந்துபோவதில்லை.

2008இல் அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதை ஒட்டியது. புகையிலைச் செடியை உண்ணும் ஓர் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு குறிப்பிட்ட வாசனையைக் காட்டி, கூடவே லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். புழுக்கள் அந்த வாசனையை வெறுக்கப் பழகின. கூட்டிலிருந்து சிறகோடு வெளிவந்தபின்னும் அவற்றில் பெரும்பாலானவை அதே வாசனையைத் தவிர்த்தன. ஆனால் கடைசிப் புழுப் பருவத்தில் பழக்கப்பட்டவைக்குத்தான் இது நிலைத்தது. இளம் பருவத்தில் பழகியவை பூச்சியானபின் அதை மறந்திருந்தன.

இதைப் படித்த அன்று என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை. சிறகு முளைத்த உயிர், தான் ஊர்ந்த காலத்து வலியை ஒரு வாசனையாக வைத்திருக்கிறது. இதற்குமேல் ஒரு சிறுகதைக்கு என்ன கரு வேண்டும்?

புழுவும் பட்டாம்பூச்சியும் ஒரே உயிர் என்று மனிதர்களுக்கு எப்போது தெரிந்தது?

புழு கூடு கட்டுவதையும் கூட்டிலிருந்து பூச்சி வருவதையும் மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே உயிரா என்பதில்தான் குழப்பம். புழு செத்து, அதன் உடலிலிருந்து வேறோர் உயிர் பிறக்கிறது என்ற கருத்து ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டுவரை வலுவாக இருந்தது. 1669இல் வெளிவந்த தன் நூலில் டச்சு அறிஞர் யான் ஸ்வாமர்டாம் அதை மறுத்தார். புழுவின் தோலைக் கவனமாக உரித்து, உள்ளே மடிந்துகிடக்கும் சிறகுகளைக் காட்டியவர் அவர்.

அதே காலத்தில் வாழ்ந்த மரியா சிபில்லா மேரியன் எனக்கு இன்னும் நெருக்கமானவர். 1647இல் பிராங்க்பர்ட்டில் பிறந்து, 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி நான்கையும் அவை உண்ணும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். 1699இல், 52 வயதில், இளைய மகளோடு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சூரிநாம் போனார். அங்கே பார்த்து வரைந்தவை 1705இல் நூலாக வந்தன. ஒரு வாழ்க்கையின் எல்லாப் பருவங்களும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்கும் அந்தப் படங்களில், ஒரு நாவல் செய்ய முயலும் வேலை முடிந்திருக்கிறது.

லார்வா, பியூபா என்ற பெயர்களுக்கு ஏதாவது பொருள் உண்டா?

உண்டு. புழுவுக்கு லார்வா, கூட்டுப்புழுவுக்குப் பியூபா, முதிர்ந்த பூச்சிக்கு இமேகோ, மூன்றும் லத்தீன் சொற்கள். லார்வா என்றால் பேய், முகமூடி. பியூபா என்றால் சிறுமி, பொம்மை. இமேகோ என்றால் உருவம். முகமூடி, பொம்மை, உருவம்: பெயர் வைத்தவர்களே பாதிக் கவிதையை எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பட்டாம்பூச்சியை ஆன்மாவாகப் பார்க்கும் மரபு எங்கிருந்து வந்தது?

கிரேக்க மொழியில் சைக்கி என்ற ஒரே சொல் உயிரையும் பட்டாம்பூச்சியையும் குறித்தது. அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதும்போது பட்டாம்பூச்சியை அந்தச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார். பின்னாளில் சைக்கி என்ற பெண்ணின் காதல் கதையை 2ஆம் நூற்றாண்டில் அபூலியஸ் எழுதினார். ஓவியங்களிலும் சிற்பங்களிலும் அவளுக்குப் பட்டாம்பூச்சிச் சிறகு வந்துசேர்ந்தது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் இரண்டாம் பகுதியில், பத்தாம் காண்டத்தில், மனிதர்களைப் புழுக்கள் என்கிறார், தேவதைத் தன்மையுள்ள பட்டாம்பூச்சியாவதற்காகப் பிறந்த புழுக்கள் என்று. செருக்குள்ளவர்களைக் கண்டிக்கும் இடத்தில் அந்த வரி வருகிறது. ஆறுதலாக அதை மேற்கோள் காட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நீ இன்னும் முழுமையாகவில்லை, அதற்குள் என்ன பெருமை என்பதுதான் அங்கே பேச்சு.

நமக்குக் குறளில் ஒன்று இருக்கிறது. நிலையாமை அதிகாரத்தில்:

குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே
உடம்பொடு உயிரிடை நட்பு.

குடம்பை என்பதைக் கூடு என்று சிலர் கொள்வார்கள். பரிமேலழகர் அதை ஏற்காமல் முட்டை என்கிறார். கூடு பறவையோடு சேர்ந்து தோன்றியதில்லை, பறவை கூட்டுக்குத் திரும்பியும் வரும், ஆகவே அது உடம்புக்கு உவமையாகாது என்பது அவர் வாதம். கூடவே தோன்றியது, விட்டுப்போனால் மறுபடி புகமுடியாதது என்ற இந்த இரண்டு நிபந்தனையும் பட்டாம்பூச்சியின் ஓட்டுக்கு அப்படியே பொருந்தும். குறள் பறவையைத்தான் சொல்கிறது, பூச்சியைச் சொல்லவில்லை. ஆனால் ஓர் உவமையை எவ்வளவு கறாராகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அந்த உரை நல்ல பாடம்.

தமிழ் மரபில் புழுவின் உருமாற்றம் வருகிறதா?

வருகிறது, ஆனால் பட்டாம்பூச்சியாக இல்லை, குளவியாக. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும், கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்ற நம்பிக்கை பழையது. வடமொழியில் இதைப் பிரமர கீட நியாயம் என்பார்கள். குருவையே நினைத்து நினைத்துச் சீடன் குருவாவதற்கும், இறைவனை எண்ணி அடியார் அவன் தன்மை பெறுவதற்கும் இதை உவமையாக்கினார்கள்.

நடப்பது வேறு. குளவி கொட்டுவது புழுவை அசையாமல் செய்ய. அதோடு ஒரு முட்டையும் இட்டுக் கூட்டை மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு உயிரோடு கிடக்கும் புழுவைத் தின்று வளர்ந்து, குளவியாகி வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி, பார்த்தவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

உண்மை தெரிந்தபின் உவமை செத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அதற்கு இன்னொரு பக்கம் திறந்திருக்கிறது. ஒருவரை அன்பின் பெயரால் தன்னைப்போலவே ஆக்க முயலும் பெற்றோர், ஆசிரியர், காதலர். அவர் மாறிவிட்டார் என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். உள்ளே தின்னப்பட்டவர் யார்? யாராவது இந்தக் கதையை எழுத வேண்டும்.

திருவாசகத்தின் சிவபுராணத்தையும் சொல்லாமல் விடமுடியாது. ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று தொடங்கும் அந்த அடுக்கில் பறவை, பாம்பு, கல், மனிதர், பேய், தேவர் என்று உருவங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. முடிவில் வரும் சொல் ‘இளைத்தேன்’. எல்லாப் பிறப்பும் பிறந்து களைத்துப்போனேன் என்கிறார் மாணிக்கவாசகர். மாற்றம் என்றாலே கொண்டாட்டம் என்று பழகிப்போன காதுக்கு அந்த ஒரு சொல் போதும்.

சுவாங் சியின் பட்டாம்பூச்சிக் கனவு எதைச் சொல்கிறது?

சீனத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் சுவாங் சி. அவர் பெயரிலுள்ள நூலின் இரண்டாம் அத்தியாயம் இந்தக் கனவோடு முடிகிறது. பட்டாம்பூச்சியாகப் பறப்பதாகக் கனவு கண்டார், தான் யார் என்ற நினைவே இல்லை. விழித்ததும், பட்டாம்பூச்சியானதாகக் கனவு கண்ட மனிதனா நான், மனிதனானதாகக் கனவு காணும் பட்டாம்பூச்சியா என்று தெரியவில்லை.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மூலத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது: இருவருக்கும் இடையே ஏதோ ஒரு வேறுபாடு இருந்தாக வேண்டும், இதைத்தான் பொருள்களின் உருமாற்றம் என்பது. எது கனவு என்ற புதிரைத் தாண்டி, வேறுபாடும் இருக்கிறது, கடத்தலும் நடக்கிறது என்று இரண்டையும் ஒரே கையில் பிடித்திருக்கிறார். வெறும் குழப்பத்தில் கதையை முடிப்பவர்கள் இந்தக் கடைசி வரியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

ஓவிட் எழுதிய உருமாற்றங்களும் இதே வகையா?

இல்லை. ரோமக் கவிஞர் ஓவிட் 15 நூல்களாகப் பாடிய காவியத்தில் மாற்றம் பெரும்பாலும் வெளியிலிருந்து விழுகிறது, தண்டனையாக, தப்பிக்கும் வழியாக, சில நேரம் இரக்கமாக. கூட்டில் காத்திருக்கும் காலம் அங்கே கிடையாது. கண்முன்னே, வரிக்கு வரி, விரல் கிளையாகிறது, தோல் பட்டையாகிறது.

ஆனால் மிச்சத்தைத் தேடுவதில் அவருக்கு இணை இல்லை. அப்பல்லோ என்ற கடவுள் துரத்த, மரமாக மாறிவிட்ட தாப்னி என்ற பெண்ணின் பட்டைமேல் அவன் கை வைக்கும்போது உள்ளே இதயம் இன்னும் துடிக்கிறது. பசுவாக்கப்பட்ட இயோ பேச வாயெடுத்தால் கத்தல்தான் வருகிறது, அவள் தன் குளம்பால் மண்ணில் பெயரை எழுதித் தந்தைக்குத் தன்னை அடையாளம் காட்டுகிறாள். உருவம் போனது, எழுத்து தங்கியது.

காஃப்காவின் கதையில் கிரிகோர் சாம்சா ஆவது என்ன பூச்சி?

1915இல் வெளிவந்த அந்தக் கதையில், கிரிகோர் ஒரு காலை கண்விழிக்கும்போது பூச்சியாகிவிட்டிருக்கிறான். என்ன இனம் என்று சொல்லப்படவில்லை. ஜெர்மன் மூலத்தில் இருக்கும் சொல் அருவருப்பான, தொல்லைதரும் பிராணி என்ற அளவில்தான் பொருள் தரும். அட்டையில் பூச்சியை வரைந்துவிடுவார்களோ என்று அஞ்சிய காஃப்கா, வேண்டவே வேண்டாம், தூரத்தில் தெரிவதுபோலக்கூட வேண்டாம் என்று பதிப்பகத்துக்கு எழுதினார்.

நாவலாசிரியர் நபகோவ் பட்டாம்பூச்சி ஆய்வாளரும்கூட. 1940களில் ஹார்வர்டின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் நீல நிறச் சிறு பட்டாம்பூச்சிகளை வகைப்படுத்தினார். ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணை வழியாக அவை பல அலைகளாக அமெரிக்கக் கண்டங்களுக்கு வந்தன என்று 1945இல் அவர் ஊகித்ததை, 2011இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. காஃப்காவின் கதையைப் பாடம் நடத்தும்போது அவர் சொன்னது இது: கிரிகோர் வண்டுபோன்ற பூச்சி, வண்டின் முதுகோட்டுக்கடியில் சிறகு உண்டு, அது தனக்கு இருக்கிறது என்று கிரிகோர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. பூச்சியியல் தெரிந்த வாசகருக்குத்தான் இந்தத் துயரம் கண்ணில் படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதையில் கூட்டுப்பருவமே இல்லை. முதல் வாக்கியத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பின் மெதுவாக மாறுவது குடும்பம். கடைசிக் காட்சியில் வெயிலில் எழுந்து சோம்பல் முறிக்கும் தங்கையின் இளம் உடலைப் பெற்றோர் பார்க்கிறார்கள். சிறகு விரிவது அங்கேதான், அண்ணனின் ஓட்டை விட்டுவிட்டு.

கூட்டைக் கிழித்து உதவியதால் பட்டாம்பூச்சி பறக்க முடியாமல் போன கதை உண்மையா?

போராட்டம்தான் பலம் தரும் என்று சொல்ல இந்தக் கதையைப் பேச்சாளர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். துளை வழியே நெருக்கிக்கொண்டு வருவதால்தான் உடல்நீர் சிறகுக்குப் பாய்கிறது என்பது அதன் விளக்கம். பட்டாம்பூச்சியின் கூட்டில் அப்படிப்பட்ட துளை கிடையாது. ஓடு வெடித்துத் திறக்கிறது, பெரும்பாலும் சில நிமிடங்களில் பூச்சி வெளியே வந்துவிடும். சிறகு விரிவது அதற்கு அப்புறம், தலைகீழாகத் தொங்கியபடி உடல்நீரைச் சிறகின் நரம்புகளுக்குள் அழுத்தும்போது. அந்த நேரத்தில் தொங்க இடமில்லாமலோ கீழே விழுந்தோ போனால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும்.

ஆகவே தொடாதே என்பது சரி, காரணம்தான் தவறு. அந்த உயிருக்கு வேண்டியது பற்றிக்கொள்ள ஓரிடமும் யாரும் இடறாத ஒரு மணிநேரமும். துன்பத்தில் இருப்பவரிடம் ‘போராடு’ என்று சொல்வதைவிட இது கனிவான உவமை என்று நினைக்கிறேன்.

பட்டாம்பூச்சி பட்டுக்கூட்டிலிருந்து வருகிறது என்று எழுதலாமா?

பொதுவாக வேண்டாம். பட்டு நூலால் கூடு நெய்வது பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் புழுக்கள். பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு பெரும்பாலும் எந்தப் போர்வையும் இல்லாமல், கடைசிப் புழுத்தோலுக்கடியில் உருவான கெட்டி ஓட்டோடு வெறுமனே தொங்கும். அது தனக்கென வீடு கட்டிக்கொள்வதில்லை, தன் தோலையே வீடாக்கிக்கொள்கிறது. சரியான தகவலே நல்ல வரியாகவும் இருக்கிறது, பாருங்கள்.

தேய்ந்துபோன உவமையாகாமல் எப்படி எழுதுவது?

‘கூட்டை உடைத்துச் சிறகு விரித்தாள்’ என்ற வரியை அடித்துவிட்டுத் தொடங்குங்கள். அது வாசகருக்கு முன்பே தெரியும். தெரியாத இடங்கள் ஏராளம்: கடைசி இலையைத் தின்றபின் புழு செடியைவிட்டு இறங்கி இடம் தேடி அலையும் நேரம், தொட்டால் மட்டும் நெளியும் கூட்டுப்புழு, முதல்முறை பறக்குமுன் சிறகை மெல்லத் திறந்து மூடும் தயக்கம்.

வெளியே வந்தவுடன் பூச்சி ஒரு சொட்டுக் கழிவை விடுகிறது, கூட்டுக்குள் சேர்ந்த மிச்சம் அது. சில இனங்களில் அது சிவப்பு. 1608இல் பிரான்சின் எக்ஸ் நகரில் சுவர்களில் சிவப்புத் துளிகளைக் கண்டு, இரத்த மழை பெய்தது என்று மக்கள் நடுங்கினார்கள். பெய்ரெஸ்க் என்ற அறிஞர் ஒரு கூட்டுப்புழுவைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். பூச்சி வெளிவந்த இடத்தில் அதே சிவப்புத் துளி. அந்தப் பருவத்தில் ஊரெங்கும் பட்டாம்பூச்சிகள் மிகுந்திருந்ததோடு அதைச் சேர்த்துப் பார்த்து, மழை அல்ல என்று விளக்கினார். ஓர் ஊரே கேடு என்று அஞ்சியது, ஆயிரக்கணக்கான சிறகுகள் பிறந்ததன் தடம். இதை எந்த வடிவில் எழுதினாலும் நிற்கும்.

எழுதுவதற்கு முன் நேரில் பார்த்தே ஆகவேண்டுமா?

ஒருமுறையாவது. எலுமிச்சைச் செடி இருந்தால் போதும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். இளம் புழு பறவை எச்சம் போலவே இருந்தது, கருப்பும் வெள்ளையுமாக. ஏதோ அசிங்கம் என்று முதலில் துடைக்கப் போனேன். வளர்ந்ததும் இலைப் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டிக் காரமான வாடை விட்டது. பிறகு ஒரு நாள் தண்டில் ஏறி, மார்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, அதில் சாய்ந்தபடி அசைவற்றுப் போனது. மறுநாள் கூட்டுப்புழு.

கடைசி இரவில் ஓடு இருண்டு, உள்ளே சிறகின் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. காலையில் வெடித்தது. வெளியே வந்ததற்குச் சிறகு என்று சொல்ல மனம் வரவில்லை, நனைந்து கசங்கிய இரண்டு துணித்துண்டுகள். வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. வயிறு சுருங்கச் சுருங்கச் சிறகு நீண்டது. உறிஞ்சுகுழல் இரண்டு தனி இழைகளாகப் பிரிந்திருந்தது. அதைச் சுருட்டியும் நீட்டியும் இரண்டையும் ஒன்றாகப் பொருத்தியது. பொருந்தாமல் போனால் அதனால் தேன் குடிக்க முடியாது.

பறந்துபோனபின் ஓட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். உள்சுவரில் வெள்ளை நூல்போலச் சில இழைகள் ஒட்டியிருந்தன. மூச்சுக்குழாய்களின் உட்தோல் அது. கூட்டுக்குள் இருந்த நாளெல்லாம் அது மூச்சுவிட்ட வழி.

இரண்டு வாரம் கழித்தும் அந்த ஓடு தண்டிலேயே, தன் நூலில் சாய்ந்தபடி இருந்தது.